சாப்பிட்ட கையோடு வரவும்

பெங்களூரில் செல்போன் வாங்கிய அத்தனை பேரிலும், அதில் பேசவே கூடாது என்ற உறுதியோடு வாங்கியவர் எங்கள் மிஸ்டுகால் சிஸ்டர் ஒருவர்தான்.

காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவர். வீடு மர்பி டவுனில். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நான் ரெக்கார்டு செக்‌ஷன் குமாஸ்தா. கேஸ் ஷீட்டுகளைத் தேதிவாரியாகக் கட்டி அடுக்குவது என் வேலை. நேரம் எழுதாமல் விட்டவர்களை வார்டு வார்டாகத் தேடிப்போய் எழுத வைப்பது என் வியாதி.

ஆண்டு 2001. செல்போனில் கூப்பிட்டவருக்கும் காசு கரையும், எடுத்தவருக்கும் கரையும். சிஸ்டர் தன் போனை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அதை இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஊக்குகளால் குத்தியிருப்பார். பிரசவ அறைச் சுவரில் ஓர் அட்டையை ஒட்டினார். ஒரு மிஸ்டுகால்: லேப் ரிப்போர்ட் வந்தாயிற்று. இரண்டு: கைவேலையை முடித்துவிட்டு வரவும். மூன்று: சாப்பிட்ட கையோடு, கழுவக்கூட நிற்காமல், வரவும். எதற்கும் பதில் ஒரே மிஸ்டுகால். ‘தெரிந்தது’ என்று பொருள். கீழே சிவப்பு மையில்: ‘எவரும் எடுக்கக் கூடாது.’

புதிதாக வந்த ஜூனியர் டாக்டர் ஒருவர், பாவம், எடுத்துவிட்டார்.

“யாரு உங்கள எடுக்கச் சொன்னது? கட் பண்ணுங்க!”

“என்ன விஷயம் சிஸ்டர்?”

“ஒரு ரிங்னா ரிப்போர்ட் வந்துட்டுதுன்னு அர்த்தம். அஞ்சாம் பெட் அம்மாவுக்கு ரத்தம் கம்மின்னு அர்த்தம். அதை வேற நான் வாயைத் தெறந்து சொல்லணுமா? சும்னே காசு தண்டம்!”

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். ஒரு மிஸ்டுகால் வந்தால் அவர் கணவர் குக்கரை அடுப்பில் ஏற்ற வேண்டும், இரண்டு வந்தால் இறக்க வேண்டும். “நேத்தி சோறு களியாப் போச்சுப்பா. ஏன்யான்னு கேட்டா, அடிச்சது செல்லா குக்கரான்னு புரியலங்கிறாரு அந்த மனுஷன்” என்று என்னிடம் வந்து புலம்புவார்.

சிரித்தோம். ஆனால் கேஸ் ஷீட்டுகள் என் மேஜைக்குத்தானே வருகின்றன? அதற்கு முன்பெல்லாம் ரிப்போர்ட் லேபின் தட்டில் கிடக்கும். ஆயா போய் நின்று வாங்கி வருவதற்குள் அடுத்த ஷிப்டே வந்துவிடும். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடும். ‘டாக்டருக்குச் சொல்லப்பட்டது’, ‘டாக்டர் வந்தார்’ என்ற இரண்டு நேரங்களுக்கு நடுவே ஒரு தூக்கம் போடலாம். அட்டை ஒட்டிய பிறகு அந்த இரண்டு நேரங்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அந்தக் கருங்கல் கட்டடத்தில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் எட்டும் என்பதால், கவலைக்குரிய தாய்மாரைச் சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலுக்கே மாற்றுவார். அதற்குச் சிக்னல் கட்டில் என்று பெயர்.

இனி வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் மகள் பிறந்த நாள் அது.

பகல் பதினொன்று ஐம்பதுக்கு எங்கள் மருத்துவமனையிலேயே சுகப்பிரசவம். பிரசவ வார்டின் டாக்டரம்மா இருந்து பார்த்துவிட்டு, லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். அன்று வேறு டாக்டர் இல்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து பாக்கெட் டைரியில் நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒன்று பத்துக்குப் பிரசவ அறைக்குள் செருப்புச் சத்தம் மாறியது. நடை, ஓட்டமாயிற்று. ஜூனியர் நர்ஸ் வெளியே வந்து துணிக்கட்டு ஒன்றை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி வந்து இன்னொன்றை அள்ளினாள். கட்டில் சக்கரங்கள் தரையில் உருளும் சத்தம் கேட்டது. என் மனைவி வசந்தியைச் சிக்னல் கட்டில் இருக்கும் இடத்துக்குத் தள்ளுகிறார்கள் என்று புரிந்ததும் டைரியும் கையுமாக எழுந்துவிட்டேன்.

கதவு இடுக்கில் சிஸ்டரின் முகம் தெரிந்தது. “ரத்தம் நிக்கல. மூணு ரிங் குடுத்துட்டேன். பதிலும் வந்துட்டுது. பத்து நிமிஷத்துல டாக்டரம்மா வந்துடுவாங்க. பயப்படாத.”

பத்து நிமிடம் ஆயிற்று. பதின்மூன்றும் ஆயிற்று. கேட்டில் வண்டி எதுவும் வரவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது ரிங் போன நொடியில் டாக்டரம்மாவின் மாமியார் அதே போனுக்குக் கூப்பிட்டதில், அந்த ரிங் பதியாமலே போயிருக்கிறது. சிஸ்டரின் கணக்கில் மூன்று. டாக்டரம்மாவின் திரையில் இரண்டு. கைவேலையை முடித்துவிட்டு வரலாம் என்று எண்ணி, ‘தெரிந்தது’ என்று ஒரு மிஸ்டுகால் கொடுத்துவிட்டு, அவர் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் மனநிம்மதி. நடுவில் என் மனைவி.

“ரெக்கார்டு தம்பி! உள்ள வா!”

போனேன். “இங்க பாக்காத! சுவத்தப் பாத்து நில்லு!” சிஸ்டரின் இரண்டு கைகளும் வசந்தியின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன என்பதை அந்த ஒரு நொடியில் பார்த்துவிட்டேன். ஜூனியர் நர்ஸ் சிஸ்டரின் இடுப்பிலிருந்து போனைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். “டாக்டரம்மாவுக்குப் போடு. கட் பண்ணாத. ரிங் போவட்டும்” என்றார் சிஸ்டர்.

போட்டேன். ரிங் போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுப்பார்கள்? இந்த நம்பரிலிருந்து வந்தால் எடுக்கவே கூடாது என்று மருத்துவமனை முழுவதையும் மாதக்கணக்கில் பழக்கியவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் மூக்குக்கு நேரே அந்த அட்டை. சிவப்பு மை.

“எடுக்கலையா?”

“எடுக்கல சிஸ்டர்.”

“மறுபடியும் போடு.” பிறகு, எனக்கல்லாமல் போனுக்கே சொல்வதுபோல்: “எடு தாயி. திட்ட மாட்டேன், எடு.”

இரண்டாம் முறையும் மணி அடித்தே ஓய்ந்தது. மூன்றாம் முறை, எட்டாவது மணியில் எடுத்தார்கள். சிஸ்டரின் ரிங் ஒருநாளும் இரண்டு மணியைத் தாண்டியதில்லை. இது நிற்காமல் அடிக்கிறதே என்றுதான் டாக்டரம்மா எடுத்தாராம்.

“சிஸ்டர்? பேசறீங்களா?” டாக்டரம்மா போட்ட சத்தம் போனைத் தாண்டி அறைக்கே கேட்டது.

“பேசறேன் டாக்டரம்மா. வசந்திக்கு ரத்தம் நிக்கல. கர்ப்பப்பை இறுகல. பேகா வாங்க, சீக்கிரம்!” என்று பின்னாலிருந்தே கத்தினார் சிஸ்டர்.

கையைப் பின்னால் நீட்டி, சிஸ்டரின் காது எங்கிருக்கிறதென்று தடவிக் கண்டுபிடித்துப் போனை வைத்தேன். “அது மூக்கு” என்றார். மறுபடி வைத்தேன். அதன் பிறகு அவர் சொல்வது மட்டும்தான் எனக்குக் கேட்டது. டாக்டரம்மா ஆட்டோவில் ஏறியிருக்க வேண்டும். “பிபி தொண்ணூறு... ஆமா, யூரின் எடுத்தாச்சு... ட்ரிப் ஓடுது. ஊசியா? போட்டுடறோம். அடியே, மெதர்ஜின் எடு! ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டு... கைய எடுக்கல டாக்டரம்மா, அழுத்திட்டுத்தான் இருக்கேன். எங்க வந்துட்டீங்க? ரயில்வே கேட்டா? மூடிட்டானா!”

சிஸ்டர் குரலை உயர்த்தினார்.

“ஆட்டோவ வுட்டு எறங்குங்க. பேசிக்கிட்டே நடங்க. இப்ப இங்க என்ன தெரியுதுன்னு சொல்றேன், நீங்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க.”

என் தோள்பட்டை எரிந்தது. கையை ஓர் அங்குலம் தாழ்த்தினேன். “தம்பி, காது மேல இருக்குது.” உயர்த்தினேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தொன்று. ஒன்று முப்பத்து மூன்று. சிஸ்டரின் குரலில் மூச்சு வாங்கியது. அழுத்தம் மட்டும் குறையவில்லை. ஒன்று முப்பத்தாறுக்கு அவர் சொன்னார்: “இறுகுது. டாக்டரம்மா, கைக்குக் கீழ இறுகுது. கிரிக்கெட் பந்து மாதிரி.”

அடுத்துக் கேட்டது வசந்தியின் குரல், கிணற்றடியிலிருந்து வருவதுபோல். “சிஸ்டர், சுவத்தப் பாத்துக்கிட்டு அங்க யாரு நிக்கறது?”

“யாரும் இல்லம்மா. ஆன்டெனா.”

ஒன்று நாற்பத்திரண்டுக்கு டாக்டரம்மா பட்டுப்புடவையோடு ஓடி வந்தார். வலது கையில் பிரியாணிப் பருக்கைகள் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தன. கையைத் தேய்த்துக் கழுவி, உறை மாட்டி, உள்ளே தங்கியிருந்த நஞ்சுக்கொடித் துண்டை எடுத்தார். ரத்தம் நின்றது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

என்னை வெளியே போகச் சொன்னபோது, நீட்டிய கையை மடக்க முடியவில்லை. சிஸ்டர் ஜன்னலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே அட்டையில் ஒரு வரி சேர்ந்தது: ‘ரிங் நிற்காவிட்டால் உடனே எடுக்கவும்.’ பிறகு இரண்டு நாள் பார்த்தவரிடமெல்லாம் “மாமியார் கூப்பிட்டா என்னாகும்னு நான் யோசிக்கவே இல்லியே” என்று சொல்லிச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டார்.

வசந்தி வீடு திரும்பிய மறுநாள் அவளுடைய கேஸ் ஷீட் என் மேஜைக்கு வந்தது. நேரங்களைச் சரிபார்த்தேன். ஊசி போட்டது, கர்ப்பப்பை இறுகியது, டாக்டர் வந்தது என எல்லாம் என் டைரியோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. தாய் நலம், குழந்தை நலம் என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் முடித்திருந்தார். அதற்குக் கீழே, மாலை ஐந்தரை மணி என்று போட்டு, தமிழில் ஒரு வரி: ‘தகப்பன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தேன்.’

கேஸ் ஷீட்டில் நோயாளி அல்லாதவரைப் பற்றி எழுதக் கூடாது. யார் எழுதியிருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டு அடிக்க வைத்திருப்பேன். அன்று அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அப்படியே கட்டினேன்.