பதின்மூவாயிரத்து எண்ணூற்று அறுபது முறை இறக்கிய குதிகால்

2025 செப்டம்பர் 9, செவ்வாய், காலை 6.40. இதுவரை எண்ணிக்கை: 13,860.

அன்புள்ள நோரீன் அத்தைக்கு,

டெக்லன் எழுதுவது. ஜீலாங்கில் நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. காரணம் நீங்கள்.

"குதிகால் நாண் வலிக்கு ஓய்வு மருந்தில்லடா, பாரம்தான் மருந்து" என்று பிசியோதெரபிஸ்ட் தோரணையில் ஒரு தாள் கொடுத்தீர்கள். படி விளிம்பில் நுனிக்காலில் நின்று குதிகாலை மெல்ல இறக்க வேண்டும், ஒரு நாளுக்கு நூற்றெண்பது முறை, பன்னிரண்டு வாரம். பதினோரு வாரமாக ஒரு நாள் விடவில்லை. வலி குறைந்தால் பாரம் கூட்டு என்றீர்கள். வலி குறைகிற வழியாகத் தெரியவில்லை, பொறுமையில்லாமல் நானே கூட்டிவிட்டேன். முதுகுப்பையில் இருபது கிலோ ஆட்டுத்தீவனத்தோடு கிளப் வாசல்படியில் எம்பி எம்பி நிற்கிறேன், பை கிழிந்து கொட்டுகிறது, மாற்று ஆட்டக்காரன் கெல்வின் பீர் டின்னோட வந்து, "என்னடா, பஸ் வருதான்னு எட்டிப் பாக்கறியா? இந்த ஊருக்கு பஸ் நின்னு ஒம்பது வருஷமாச்சு"ங்கறான், அவன் நாய் தீவனத்தைத் தின்னுட்டு என் காலடியிலேயே கக்குது.

நேத்து கேப்டன் ப்ரோடி நேராவே கேட்டான்: "சனிக்கிழமை ஃபைனல். ஓடுவியா, மாட்டியா?" ஓடிக் காட்டினேன். நாலாவது அடியில உக்காந்துட்டேன். முப்பத்தோரு வருஷம் கழிச்சு நம்ம ஊர் வாரிங்கா ஃபுட்டி கால்பந்து அணி ஃபைனலுக்கு வந்திருக்கு. அடுத்த வருஷம் பக்கத்து ஊர் அணியோட சேத்துடறாங்க, அப்புறம் இந்த ஜெர்சியே கிடையாது. எனக்கு வேற ஃபைனல் இல்ல அத்தை.

கிடங்குத் தூண்களை வடிவமைக்கும் பொறியாளனாகச் சொல்கிறேன்: உங்கள் தாளில் வடிவமைப்பே கோளாறு.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் மற்ற நோயாளிகளுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
நொண்டி டெக்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ப்ரோடி வந்து உங்கள் பயிற்சித் தாளைப் பிடுங்கிப் படித்தான். "டேய், ஏறும்போது நல்ல கால், இறக்கும்போது வலிக்கிற கால்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீ மாத்தியில்ல பண்றே!" விரிசல் விட்ட தூணில் எவனாவது பாரத்தை இறக்குவானா என்று யோசித்து, அதை அச்சுப்பிழை என்று முதல் நாளே பேனாவால் திருத்திவிட்டிருந்தேன். இப்போது என் நல்ல கால் இரும்பு மாதிரி இருக்கிறது. ஆகவே:

1. நாளை முதல் எண்ணிக்கை பூஜ்யம். பன்னிரண்டு வாரமும் மறுபடி.
2. சனிக்கிழமை ஜெர்சியைக் கெல்வினிடம் கொடுத்துவிட்டு, ஸ்கோர் பலகையில் எண் மாட்டுவேன்.
3. ப்ரோடியின் வாயை அடைத்துவிட்டேன். மற்ற யார் கேட்டாலும் "அத்தை வைத்தியம் சரியில்லை" என்றே சொல்வேன். கொஞ்ச நாளைக்கு நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.