கோமளம் வராத திங்கட்கிழமை

இராயபுரம்,
13-3-1969

மகா கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸ்டானிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி ஃப்ளோரன்ஸும் கர்த்தர் கிருபையால் சுகம். சுகம்தான் இப்போது தொந்தரவே.

தங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் தினமும் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி, அந்தக் குப்பண்ணா–கோமளம் கேலிப்படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விபூதிப் புதன் பிரசங்கத்தில் எங்கள் சாமியார், "உங்களுக்கு எது உயிரோ, தபசு காலம் நாற்பது நாளும் அதை விடுங்கள்" என்றார். நான் மூக்குப்பொடியை விட்டேன். ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, "ஈஸ்டர் வரிக்கும் உன்னாண்ட சண்ட போட்றத வுட்டுட்டேன்யா" என்றாள். பத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த முதல் லீவு! மறுநாளே துறைமுகம் பூராவும் சொல்லித் தீர்த்தேன். கூட வேலை செய்யும் யேசுதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமு, குட்த்து வெச்சவன்யா நீ" என்று பெருமூச்சு விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காசிமேடு போய் ஒரு வஞ்சிரம் வாங்கி வந்தேன். கூடையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, மீனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. ஃப்ளோரன்ஸ் அதை வாங்கிக் கழுவிக் குழம்பு வைத்துவிட்டாளே! சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் தங்கள் பேப்பர் மடித்து வைத்திருக்கிறது. குப்பண்ணா ஓட்டைக் குடை வாங்கி வந்திருக்கிறான், "கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டுக் கடைக்குப் போனீர்?" என்கிறாள் கோமளம், அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அன்று தொடங்கியது ஐயா. நான் ஃபியூஸ் போட்டு வீடே இருண்டால் அதற்கும் கோமளம், மாதா படத்தைக் கோணலாக மாட்டினால் அதற்கும் கோமளம். நேரே சாமியாரிடம் ஓடி, "சாமி, இது விரதத்தை மீறினதாக ஆகாதா?" என்று கேட்டேன். அவர், "பேப்பர் படிக்கிறது பாவமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, "அது சரி, இன்னிக்கிக் கோமளம் இன்னா சொன்னா? நான் இன்னும் பாக்கல" என்கிறார். இதென்ன நியாயம்? பேப்பரையே நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா தன் பேப்பரைச் சுவருக்கு மேலாக நீட்டி, "அண்ணே, படிச்சிட்டு சீக்கிரம் குட்த்துடுங்கோ, எங்க வூட்டுக்காரரு இன்னும் பாக்கல" என்றாள். கோடு அதிலும் போட்டிருந்தது. தெருவே சேர்ந்து என்னைத் திட்டுகிறது என்று புரிந்துகொண்டு, அந்தப் படத்தை உடனே நிறுத்தும்படி தங்களுக்கு எழுதப் பேனாவுக்கு மசிகூட ஊற்றிவிட்டேன்.

அதற்குள் இந்தத் திங்கட்கிழமை வந்து தொலைந்தது. ரஹீமுன்னிசா வீட்டுப் பேப்பரில் பார்த்தால், படம் இருக்கவேண்டிய இடத்தில் பல்பொடி விளம்பரம்! அன்று தட்டு வந்தது, சோறு வந்தது, பேப்பர் வரவில்லை. ஃப்ளோரன்ஸ் பரிமாறிவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னடா இது, வூடா கல்லறையா? ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்டியா" என்று கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். சரி, கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்ப்போம் என்று, "உன் அண்ணன் ஹென்றி இருக்கானே, சுத்த ஒதவாக்கரை" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா ஐயா? "ஆமா" என்றாள். ஹென்றியைப் பற்றி ஒரு சொல் சொன்னவன் எவனும் எங்கள் வீட்டில் கை நனைத்தது கிடையாது. இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது, இனி ஈஸ்டர் வந்தாலும் இவள் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தெருக்கோடி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று அழுதேன்.

ஆகையால் ஐயா, நிறுத்தச் சொல்லத்தான் இருந்தேன், இப்போது காலில் விழுந்து கேட்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் ஒரு நாள்கூட அந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள். பல்பொடிக்காரனை வேறு பக்கத்துக்குத் துரத்துங்கள். கோமளத்தின் வாயைக் குறைக்காதீர்கள், முடிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

தங்களுக்கு நல்ல சுகத்தையும், தங்கள் வீட்டம்மாவுக்குத் தங்களைத் தினமும் நாலு வார்த்தை கேட்கும் பலத்தையும் தரும்படி அந்தோனியாரை மன்றாடும்,
ஸ்டானிஸ்லாஸ்

பி.கு.: நான் ஃப்ளோரன்ஸ் எழுதறேன். கவர் ஒட்டச் சொல்லி என்னாண்ட குட்த்தாரு, படிச்சிட்டேன். ஆசிரியருக்கு எழுதறது சண்டையில சேராது. ரசத்துல உப்பு சரியாத்தான் இருந்திச்சி. அந்த "ஆமா"வ சொல்றதுக்குள்ள நாக்க கட்ச்சிக்கினேன், ரத்தம் வந்திச்சி. நேத்து சாமியாராண்ட போய், இதுக்கு மேல என்னால முடியாது சாமின்னு அழுதேன். அவரு சிரிச்சிக்கினே, நாப்பது நாள் கணக்குல ஞாயித்துக்கெழம சேராதும்மான்னு சொன்னாரு. இவருக்கு இன்னும் தெரியாது. வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சி வூட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கிறேன், முழுசா மூணு வாரத்து சண்ட பாக்கி கீது. அன்னிக்கி நீங்க பல்பொடியே போட்டுக்கோங்க.