பத்தாயிரத்து ஏழாம் நம்பர் வீடு

பகா எண் பிரியர் என்றொரு இனம் நம் நடுவே உலவுகிறது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். பரீட்சை முடிந்த கையோடு நீங்களும் நானும் அதை மறந்துவிட்டோம். இவர் மறக்கவில்லை. பஸ் டிக்கெட், ரேஷன் அட்டை, முன்னால் போகும் டிரெய்லரின் முதுகு என்று எங்கே எண் தென்பட்டாலும் வாய்க்குள் மூன்றால், ஏழால், பதினொன்றால் வகுத்துக்கொண்டே வந்து, வகுபட்டால் முகம் சுளித்து, வகுபடாவிட்டால் பக்கத்தில் நிற்கும் அந்நியருக்குக் கைகொடுப்பார். நாலு கோடி இலக்கத்துக்கு மேல் நீளும் பகா எண் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்த அன்று, கல்மண்டபத்துக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. டீ நன்றாக இருந்தது.

ராசி எண் பார்ப்பவர்களைக் கண்டால் மட்டும் இவருக்கு ஆகாது. மூடநம்பிக்கை என்பார்.

எங்கள் ஜெயவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. வியாசர்பாடியில் பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, குலுக்கலில் அவருக்குத் தரைத்தள வீடு விழுந்தது. பன்னிரண்டாம் நம்பர். மனைவி ரமாபாய்க்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, படியேறவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். சேதி கேட்டதும் அந்த அம்மாள் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். ஜெயவேலின் முகம்தான் தொங்கிப்போயிற்று. பன்னிரண்டெல்லாம் ஒரு எண்ணா? இரண்டால் வகுபடும், மூன்றால், நாலால், ஆறால், யார் வந்து வகுத்தாலும் வகுபடும். அதே குலுக்கலில் அஜீசா என்ற பெண்மணிக்குப் பத்தாம் மாடியில் ஏழாம் வீடு, அதாவது 10007, விழுந்திருந்தது. ஐந்து இலக்கப் பகா எண்களில் முதலாவது. திருப்பிப் போட்டால் வரும் 70001-உம் பகா எண். இரண்டு தள்ளி 10009 என்று கூடப்பிறந்த இரட்டைப் பகா எண் வேறு. மனுஷர் என்ன செய்வார்? ரமாபாய் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, வீட்டை மாற்றிக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அஜீசாவுக்கே மனசு கேட்கவில்லை. "அண்ணே, அண்ணிக்கு முட்டி சரியில்லேன்றாங்களே, நல்லா ரோசன பண்ணிகினீங்களா?"

"லிஃப்ட்டு கீதும்மா" என்றார் ஜெயவேல்.

இருந்தது. குடிபோன மூன்றாம் நாள் நின்றது. மருந்துப் பையோடு ஆறாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்ட ரமாபாயின் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, நம் வீட்டு எண்ணை வேறு எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி நிற்கும், அதுதான் அதன் பெருமை என்று ஆறுதல் சொன்னார் ஜெயவேல்.

"மீதி இன்னான்னு எனக்குத் தெரியும்யா" என்றார் ரமாபாய், முழங்காலைப் பிடித்தபடி. "நாந்தான். இங்கயே குந்திகினு கீறேன் பாரு."

மறுநாளே ஜெயவேல், பழைய வீட்டையே திருப்பித் தரச் சொல்லி, குடியிருப்பு ஆபீசுக்கு ஓடினார். ஒருமுறை மாற்றியது மாற்றியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அந்த அம்மாள் மிச்ச நாலு மாடியை எப்படி ஏறினார் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பத்தாயிரத்து ஏழை ஏழால் வகுத்து, மீதி நாலு என்று மட்டும் பார்த்துவிட்டீர்கள்.