கொட்டகைக்கு எட்டாத கேமரா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மூட்டுவலியும் தாங்கள் மாட்டிக்கொடுத்த நாலு கேமராக்களும் சுகம். அங்கு தாங்களும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் தங்களிடம் போனில் பேசினால் எனக்கு மரியாதைதான் வருகிறது, விஷயம் வருவதில்லை.

சிக்னல் தள்ளிவிடுகிற டப்பா மூன்றாவதும் அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் மாப்பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற தகரக் கொட்டகையில்தானே உங்கள் அத்தை தையல் மிஷின் போட்டிருந்தாள்? அவள் போன பிறகு நான் பகலெல்லாம் அங்கேதான். வீட்டுக் கேமராவில் என்னைக் காணோம் என்றால் பாப்பா உடனே போன் போட்டுவிடுவாள். "அப்பா, எங்க போய்த் தொலைஞ்சீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு!" அப்புறம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மா தைச்ச பச்சைப் பாவாடை இன்னும் அங்க இருக்கா என்று அரை மணி ஓடும். அவள் இப்படித் தினமும் பதறக் கூடாது என்றுதான் கொட்டகைக்கும் ஒரு கேமரா வாங்கினீர்கள். நல்ல எண்ணம், குறை சொல்லவில்லை.

மாட்டினோம், சிக்னல் எட்டலை. தகரம் தடுக்குதாம். "நடுவுல ஒரு டப்பா வெச்சா, வீட்டு சிக்னலை வாங்கி அங்க தள்ளிவிடும் சார்"னார் மெக்கானிக். நடுவுல இருக்கறது குளியலறை. எதைத் தள்ளிவிடுமோன்னு பயந்து சமையலறை ஜன்னல்ல வெச்சோம், மிக்ஸி ஹாலுக்குக் குடிபோச்சு. சிக்னல் வந்துச்சு, கூடவே சனியனும் வந்துச்சு. கொட்டகைக் கொடியில என் சட்டை ஆடினா "ஆள் நடமாட்டம்"னு உங்களுக்கு மணி அடிக்குது, நான் மிஷின் பக்கத்துல அசையாம உட்கார்ந்தா ஆளே இல்லைங்குது. என் சட்டைக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்லை, போகட்டும். பாப்பா ஒரு தடவை எட்டிப் பார்ப்பா, அப்பா இருக்காரு, சரி, அவ்வளவுதான். போன் வரதே நின்னுபோச்சு. அவ குரல் இல்லாம வீடே ஓன்னு இருந்துச்சு மாப்பிள்ளை. போன்தான் கெட்டுப்போச்சோன்னு மாடிக் குடித்தனக்காரரை விட்டு அடிக்கச் சொன்னேன். நல்லாவே அடிச்சுது. எடுத்துட்டு என்ன பேசறதுன்னு தெரியாம "சௌக்கியமா"ன்னேன். மனுஷன் எதிர்லயே நிக்கிறார்.

அதுக்கப்புறம்தான் டப்பா கெட ஆரம்பிச்சுது. தினம் சாயங்காலமானா மூச்சு நின்னுடுது, பாப்பா பதறிப்போய் போன் பண்றா. மாத்தின புது டப்பாவுக்கும் அதே கதி. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வியாதியைப் பார்த்ததில்லை சார்"னு மெக்கானிக் தலையில கை வெச்சுட்டார். எலியா இருக்கலாம், கரண்டா இருக்கலாம். நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான். மண்ணைத் தோண்டி வயர் இழுக்கவும் வேண்டாம், தண்ணிக் குழாய் போகுது.

தாங்களும் பாப்பாவும் ஒரு தலைவலிகூட இல்லாமல் நூறு வருஷம் வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்புள்ள மாமனார்.

பி.கு.: டப்பா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எலியும் இல்லை, கரண்டும் இல்லை. பிடுங்கறது நான்தான். பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. சொன்னா அழுவா, அப்புறம் கடமைக்குத் தினம் கூப்பிடுவா. இப்ப திட்டறதுக்காவது மனசாரக் கூப்பிடறா. ஆபீஸ் விட்டு வந்திருப்பா. நான் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கணும்.