குக்குடானந்தரின் சைவ முட்டை

பௌர்ணமி அன்னிக்கு எங்க ஊர்ல முட்டை தொட மாட்டாங்க. கிரிவலம் போற வீட்டுல ஆம்லெட் வாசம் வந்துச்சுன்னா அக்கம்பக்கமே மூக்கைப் பிடிச்சுக்கும். அப்படிப்பட்ட திருவண்ணாமலையில, அதே பௌர்ணமியில, முட்டை வாங்க வரிசை நின்னுச்சுன்னா நம்புவீங்களா? நின்னுச்சுங்க. அடி அண்ணாமலை மடத்து வாசல்ல ஆரம்பிச்சு கிரிவலப் பாதை வளைவு வரைக்கும் நின்னுச்சு.

ஏன்னா அது சைவ முட்டை.

சிரிக்காதீங்க. குக்குடானந்த சாமியோட கோழிங்க தானியம் தொடாது, புழு பூச்சி கொத்தாது. மூலிகைத் தழைதான் ஆகாரம். தீட்சை வாங்கின கோழிங்களாம். அதுங்க மௌன விரதம் இருக்கிறதால பின்னாடி கொட்டகைக்குள்ள யாரையும் விட மாட்டாங்க. ஒரு முட்டை போட்டுட்டு ஊரையே எழுப்புற ஜீவன், அது மௌன விரதமாம்! வாசல்ல மட்டும் நாலஞ்சு வெள்ளைக் கோழி, கழுத்துல உத்திராட்சத்தோட வில்வ இலையைக் கொத்திக்கிட்டு நிக்கும். ஜனங்க அதுங்க கால்லயும் விழுந்தாங்க.

ரமணாசிரமம் பக்கத்துல ஒரு கஃபேக்காரன் 'சைவ ஆம்லெட்'னு போர்டே வெச்சுட்டான். தின்ன வெள்ளைக்காரங்க கண்ணை மூடிக்கிட்டு, உள்ள என்னமோ எழும்புதுன்னாங்க. வாயுவா இருக்கும்.

நான் ஆட்டோ ஓட்டறவன். இந்தக் கூத்தையெல்லாம் தினம் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன், எதிர்வீட்டு பலராமன் அண்ணன் மாட்டிக்கிற வரைக்கும்.

அண்ணனுக்கு கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, வியாபாரம். ரொம்ப நாளா சர்க்கரை. கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு. தினம் இன்சுலின் ஊசி போடணும்னு டாக்டர் கண்டிஷனா சொல்லியிருந்தார். குக்குடானந்தன் என்ன சொன்னான் தெரியுமா? "ஒரு மண்டலம் வெறும் வயித்துல என் முட்டையைச் சாப்பிடு. ஊசியை நிறுத்து. ஊசி ஏறினா முட்டையோட சைவம் கெட்டுடும்." படிச்ச மனுஷன், நிறுத்திட்டார்! புண்ணு கருக்க ஆரம்பிச்சுது. சரசு அண்ணி அழுதாங்க. "விஷம் வெளியேறுது, சும்மா இரு"ன்னார் அண்ணன்.

அவங்க மக எழிலரசி சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செய்யுது. தேன்ல சர்க்கரைப்பாகு கலந்திருக்கான்னு சோதிச்சுச் சொல்ற வேலை. லீவுல வந்து அப்பா காலைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கி வைக்கல.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புப்பா."

"மண்டலம் முடியட்டும்மா."

"அதுக்குள்ள காலே போயிடும்பா!"

"சாமி முட்டை பொய்னு காட்டு. அந்த நிமிஷமே வரேன்."

பொண்ணு வாதாடல. சாமி முட்டை கொஞ்சம், முக்குக் கடை முட்டை கொஞ்சம், ரெண்டையும் தனித்தனியா கட்டிக்கிட்டு அன்னிக்கே பஸ் ஏறிடுச்சு. அடுத்த பௌர்ணமி காலையில திரும்பி வந்துது. "சித்தப்பா, மடத்துக்கு விடுங்க"ன்னுச்சு என்கிட்ட. அப்பா, அம்மா, மூணு பேரையும் ஏத்திக்கிட்டுப் போனேன். வரிசையைத் தாண்டி நேரா சாமி முன்னாடி போய் நின்னுச்சு.

"சாமி, உங்க கோழிங்க என்ன சாப்பிடுது?"

"வில்வம், துளசி, தூதுவளை. வேற எதுவும் அதுங்க அலகுல பட்டதில்ல தாயே."

"எல்லாரும் கேட்டுக்கங்க. கோழி எதைத் தின்னுதோ அதுதான் முட்டையாகுது. கார்பன்ல கனமான வகை ஒண்ணு இருக்கு. மக்காச்சோளத்துல அது கொஞ்சம் ஜாஸ்தி. இவர் சொல்ற தழைங்கள்ல கம்மி. தேனைச் சோதிக்கிற மெஷின்லயே வெச்சுப் பார்த்தேன். சாமி முட்டையில ஜாஸ்தி. கடை முட்டையும் இவர் முட்டையும் ஒண்ணுதான்."

சாமி அசரல. "அருகம்புல்லும் போடறோம் தாயே. சொல்ல விட்டுட்டேன்."

எழிலரசி தலையாட்டுச்சு. "ஆமாங்க. அருகம்புல்லும் இந்த விஷயத்துல சோளம் மாதிரிதான். அதை ஒத்துக்கறேன்."

"அரோகரா!"ன்னு கூட்டம் அலறுச்சு. உண்மையைப் பேசறேன்னு இந்தப் பொண்ணு அவனையே ஜெயிக்க வெச்சுட்டாளேன்னு நெனைச்சேன். அண்ணன் மகளைப் பார்த்து 'பார்த்தியா'ங்கற மாதிரி ஒரு பார்வை.

"இருங்க, முடிக்கல. நைட்ரஜன்லயும் அதே மாதிரி கனமானது உண்டு. செடியில கம்மி. செடியைத் தின்னதுல கொஞ்சம் ஜாஸ்தி. சின்ன மீனைத் தின்ன பெரிய மீன்ல இன்னும் ஜாஸ்தி. உங்க முட்டையில இருக்கிற அளவு தழை தின்ன கோழிக்கு வராது. மீன் தூள் போட்ட தீவனம் தின்னாதான் வரும். அருகம்புல் மீன் பிடிக்குமா சாமி?"

சாமி தாடியைத் தடவினான். "வந்து... ரெண்டு புழு பூச்சி கொத்தியிருக்கும்..."

"அப்போ புழு சைவமாடா?" கேட்டது சரசு அண்ணி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா அது.

"கொட்டகையைத் திறங்க, பார்த்துடலாம்"னுச்சு எழிலரசி.

"திறக்கக் கூடாது! மௌனம் கலைஞ்சிடும்!"

அந்த நேரம் பார்த்து உள்ள ஒரு கோழி முட்டை போட்டுட்டு, "கொக்கொக்கொக் கெக்கே"ன்னு எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்துச்சு பாருங்க! அவ்ளோதான். ஆளுங்க கதவை ஒரே தள்ளு. உள்ள அடுக்கடுக்கா கூண்டு. தொட்டி நிறைய மஞ்சளா மக்காச்சோள மாவு. அதுல கலந்த கருவாட்டுத் தூள் நாத்தம் மூக்கைத் துளைச்சுது.

"பௌர்ணமி அன்னிக்கு எங்களுக்கு மீனைக் குடுத்துட்டியேடா பாவி!"ன்னு காவி வேட்டியை உருவுனாங்க. மீனுக்காகத்தாங்க அவ்ளோ கோவமும். ஊசியை நிறுத்தச் சொன்னானே, அதைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல.

அண்ணன் வந்து ஆட்டோவுல உக்காந்தார். "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா"ன்னார். கட்டைவிரலை எடுத்துட்டாங்க. கால் தப்பிச்சுது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா முழங்கால் வரைக்கும் எடுத்திருப்போம்னார் டாக்டர்.

கட்டுப் பிரிக்க அவரைக் கூட்டிட்டுப் போறப்போ, குளத்தங்கரையில கூட்டம். என்னான்னு பார்த்தா, மீன் தின்ன தோஷம் போக முழுக்குப் போடறாங்களாம். பரிகாரம் பண்ணி வைக்க இன்னொருத்தன் துண்டை விரிச்சு உக்காந்துட்டான். வரிசையில பாதிப் பேரு அதே பழைய ஆளுங்க.

"வண்டியை நிறுத்து"ன்னார் அண்ணன். கட்டுப் போட்ட காலை வெளிய நீட்டி, அவங்களைப் பார்த்துக் கத்தினார்:

"மீன் தின்னதுக்கு எனக்கு ஒண்ணும் ஆகலய்யா! யோசிக்காம ஊசியை நிறுத்தினதுக்குத்தான் விரல் போச்சு. உங்களுக்கும் யோசிக்க இஷ்டமில்லன்னா, கால்ல எத்தனை விரல் இருக்குன்னு இப்பவே எண்ணி வெச்சுக்கங்க!"