நல்ல டயர் முன்னுக்கு

ஜெர்மனியில் றொக்கற் அண்ணை அளவுக்கு ஊர் சுற்றிய தமிழன் இன்றுவரை பிறக்கவில்லை. இத்தாலி, ஸ்பெயின், பாரிஸ் என்று ஒன்று விடாமல் பார்த்தார். எல்லாவற்றையும் எங்கள் அகதி விடுதி முற்றத்தில் நின்ற காருக்குள் இருந்தபடியே பார்த்தார் என்பதுதான் விசேஷம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொலோனுக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு சிறு ஊர். அங்கே மேட்டு உச்சியில் இருந்த பழைய சத்திரம் ஒன்றை ‘ஹைம்’ என்று எங்களுக்குத் தந்திருந்தார்கள். அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நாங்கள் எல்லைப் பலகைவரை நடந்து போய், அந்தப் பக்கத்து மாடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

இந்த நிலையில்தான் அண்ணை ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்காரர் ஆனார். ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர். இங்கே அவர் கோப்பை கழுவப் போன உணவகத்தின் முதலாளி, கொட்டிலில் கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு சிவப்புக் காரைக் காட்டி, திருத்த முடிந்தால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கோடைகாலம் முழுவதும் அண்ணை அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். கார் பிழைத்துவிட்டது, ராக்கெட் மாதிரிப் பாயும் கார் என்பதால் அவரும் றொக்கற் அண்ணை ஆகிவிட்டார். முன்னால் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். பின்னால் இருப்பவர் தன் முழங்காலைத் தாடைக்கு முண்டு கொடுக்க வேண்டும். கார் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் எங்களுக்கு அனுமதித்த உலகம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே அண்ணை காரை நிறுத்திவைத்தே ஓட்டினார்.

“ஏறுங்கோ தம்பியவை, இண்டைக்கு இத்தாலிக்குப் போறம்” என்பார் பின்னேரங்களில். நாங்கள் ஏறுவோம். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்கும். அண்ணை அரைக்கண் மூடி, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புவார்.

“அங்க பாருங்கோ, கடல் வருது.”

“ஓம் அண்ணை, தெரியுது.”

சத்தியமாகத் தெரிந்தது. குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால் நீலமாக ஏதோ அசைந்தது. எங்களில் பருத்தவரான மணியம் ஒருநாள் பின்சீற்றில் இருந்தார். மலைப்பாதையில் வளைவுகள் கூடிப்போய், பாவம், வாந்தியே எடுத்துவிட்டார்.

அண்ணையின் மனைவி புவனம் அக்கா ஊரில் இருந்தார். மூன்று வருடமாக அண்ணை அவருக்குக் கசெற்றில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். தனி வீடு, பூந்தோட்டம், கார் என்று நன்றாகக் கதை அளந்து வைத்திருந்தார். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில்தான் அவருடைய தனி வீடு. அக்கா மாசியில் வருகிறார் என்று செய்தி வந்தபோது அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

“சொன்னதில கார் ஒண்டுதான் மெய். ஸ்ரேசனில அவவை ஏத்திக் கொண்டுவந்து இந்த மேட்டில இறக்கோணும். அதாவது மெய்யா இருக்கட்டும்” என்றார்.

மாசியில் பனி கொட்டும். குளிர்கால டயர் இல்லாமல் மேடு ஏற முடியாது. பழைய வாகனங்களை உடைக்கும் இடத்தில் அண்ணைக்கு இரண்டே இரண்டுதான் கிடைத்தன. இரண்டையும் முன் சில்லுகளில் பூட்டினார். யாழ்ப்பாணத்தில் கார் ஓடிய எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். நல்ல டயர் முன்னுக்கு, தேய்ந்தது பின்னுக்கு. அங்கே அது வேதம். ஆனால் இந்தக் காரின் விசையெல்லாம் பின் சில்லுகளில். அது அண்ணைக்கும் தெரியும். பனியைத்தான் தெரியாது.

புது டயருக்கு எலுமிச்சம்பழம் நசிக்காமல் விடலாமா? நான்கு சில்லுக்கும் பழம் வைத்து, அண்ணை சாமி கும்பிட்டு, அக்சிலேற்றரை மிதித்தார். முதற்பனி விழுந்த நாள். கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ஒரு பழம் பறந்துபோய், பின்னால் நின்ற ஹவுஸ்மைஸ்டரின் நெஞ்சில் விழுந்தது. ஹைமைப் பராமரிக்கும் அந்தக் கிழவர் பழத்தைக் கையில் ஏந்தியபடி வந்து, நல்ல டயரைப் பின்னால் போடச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார்.

“முன் ரயர் வெடிச்சா ஆளே முடிஞ்சுது. எனக்கே பாடம் எடுக்கிறாரோ?” என்றார் அண்ணை. டயரை மாற்றவில்லை. பதிலாக மணியத்தைப் பின்சீற்றில் ஏற்றினார். பாரம் விழுந்ததும் கார் கும்பிடு போட்டுப் புறப்பட்டது. அதன் பிறகு அண்ணை கார்த் திறப்பைக் கையில் எடுத்தால் யாராவது ஓடிப்போய் மணியத்தை எழுப்புவோம்.

அக்கா வந்த நாளில் விடியற்காலையிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மணியம் குளித்துத் தோய்ந்து, நல்ல சட்டை போட்டுக் காரடியில் தயாராக நின்றார்.

“நீ எங்க வாறாய்?”

“பின்னுக்கு இருக்க அண்ணை.”

“மூண்டு வருசத்துக்குப் பிறகு மனிசியைக் கூட்டப் போறன். உன்னையும் பின்னுக்கு வைச்சுக்கொண்டோ?”

அதுவும் நியாயம்தான். கார் பள்ளத்தில் அழகாக இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து எஞ்சின் உறுமல் கேட்டது. உறுமல் கேட்டதே தவிரக் கார் வந்து சேரவில்லை. எல்லோரும் ஓடினோம்.

மேட்டின் அடியில் கார் சரிந்து நின்றது. கண்ணாடிகள் முழுக்க மூச்சுப்பட்டு வெளுத்திருந்தன. அண்ணை தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

“தள்ளுங்கோ. சத்தம் போடாதேங்கோ. அவவுக்குத் தெரியக்கூடாது.”

தள்ளினோம். பின் சில்லுகள் சேற்றுப்பனியை எங்கள் முகத்தில் வாரி இறைத்தன. பிறகு அதுவும் அடங்கி, உலகம் முழுவதும் பஞ்சாகிவிட்டது. மரங்கள் இல்லை, வீடுகள் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர், எங்களுக்கு முன்னால் கோயில் தேர் போல ஊர்ந்து ஏறும் ஒரு சிவப்புக் கார். நான் அண்ணையின் கதவோரம் தள்ளினேன். உள்ளே பேசியது காதில் விழுந்தது.

“ஏனப்பா இவ்வளவு மெதுவாப் போறியள்?”

“நீர் வடிவாப் பாக்கோணும் எண்டுதான். இதெல்லாம் கோடையில பூந்தோட்டம்.”

“ஓமப்பா, நல்ல வடிவு” என்றார் அக்கா. அந்த வெள்ளைக் கண்ணாடியில் அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது.

உச்சிக்கு வந்ததும் அக்கா இறங்கினார். ஹைமை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நேராகக் காரின் பின்பக்கம் வந்தார். நாங்கள் தலைமுதல் கால்வரை சேறாக நின்றோம். மணியத்துக்கு ஒரு காலில் சப்பாத்து இல்லை.

“புவனம், வீடு எண்டு நான் சொன்னது...” என்று அண்ணை நிலத்தைப் பார்த்தபடி தொடங்கினார்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார்.

“இவர் இஞ்ச தனியக் கிடக்கிறார் எண்டு நினைச்சு மூண்டு வருசமா நான் அழாத நாள் இல்லை. இவ்வளவு பேர் இருக்கிறியளே தம்பியவை!”

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு காரின் பனியைக் கையால் வழிக்கத் தொடங்கினார். வழிக்க வழிக்க அவருடைய தோள் குலுங்கியது. அந்த மனிதருக்காக அந்தக் காரை இன்னொரு மலையிலும் தள்ளி ஏற்றலாம் போல எனக்கு அப்போது இருந்தது; இப்போதும் இருக்கிறது.