சீதனமாக வந்த ஜாம் போத்தல்

கிளிநொச்சி,
2025 செப்டெம்பர் 15, திங்கட்கிழமை, காலை 9.40.
இன்று இதுவரை கக்கூஸுக்குப் போனது: ஐந்து தடவை.

மதிப்புக்குரிய றோஸ்மேரி சித்திக்கு,

மாதா உங்களுக்கு நல்ல சுகமும் கொஞ்சம் வாயடக்கமும் தர மன்றாடுகிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அதனால் முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன கிளினிக்கில் டொக்டர் என்ன சொன்னார்? எனக்கிருப்பது பெருங்குடல் அழற்சி, முற்றாக மாறாது, மருந்தால் அடக்கி வைக்கலாம், குளிசையை நிறுத்தக்கூடாது. நீங்கள்தான் "வேற வழியே இல்லையோ டொக்டர்?" என்று விடாமல் குடைந்தீர்கள். அந்த மனிதனும் பாவம், குடலுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, வெளிநாடுகளில் சுகதேகி ஒருவரின் மலத்திலிருந்து அவற்றை எடுத்து நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் ஆராய்ச்சிதான், இவருக்கு இப்போது தேவையில்லை என்றார். கடைசி இரண்டு வசனத்தையும் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனீர்கள்.

விளைவு, வெள்ளிக்கிழமை என் பிறின்சியின் தகப்பன் ஞானப்பிரகாசம் மாமா மீன் ஐஸ்பெட்டியோடு என் அறைக்கு வந்தார். பாரை மீனாக்கும் என்று நான் சட்டியைக்கூடக் கழுவினேன் சித்தி! அவர் ஐஸை விலக்கி ஒரு ஜாம் போத்தலை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சீதனம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள் தம்பி. வெறுங்கையோட பிள்ளையைக் கட்டிக்குடுக்க எனக்கு மனமில்லை. முப்பத்தெட்டு வருசமாக் கடலுக்குப் போறன். நாறின திருக்கை திண்டாலும் இந்த வயிறு அசைஞ்சதில்லை. இண்டைக்கு விடியத்தான் எடுத்தது."

"மாமா, இதை இப்பிடியே பாவிக்கேலாது. முதல்ல உங்களைச் சோதிக்கோணும்."

நான் படித்தது குழாய்த் தொழில்நுட்பம். சோதிக்காமல் எந்த லைனையும் திறப்பதில்லை. மனிதனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்கட வம்சத்தில குறையெண்டுறியளோ?"

போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பிடுகிறாரில்லையாம். பிறின்சி போனில் குமுறுகிறாள்: "வாங்கிட்டன் மாமா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன? குடியுங்கோ எண்டே சொன்னவர்?" வாற சனிக்கிழமை எங்கள் கலியாண எழுத்து. அப்பா வராவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டாளாம். எனக்கு அவளில்லாமல் ஏலாது சித்தி, இதை ஒருவருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் மூட்டிய நெருப்பை நீங்களே அணையுங்கள். இன்றே போய், "டொக்டர்தான் மறிச்சவர்" என்று சொல்லி, அவருடைய வயிற்றை நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு வாருங்கள். போத்தலைக் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்களுக்கும்தான், கோபம் ஆறியபின்.

உங்கள் பெறாமகன்,
யூட்சன்

பி.கு. (10.25, ஆறாவது தடவை முடிந்து): மேலே சொன்ன எதையும் செய்யவேண்டாம்! மாமா இப்போதுதான் போன் எடுத்தார். தன் வயிற்றின் மானத்தைக் காக்க, முந்தநாள் சனிக்கிழமை தானே ஒரு லாப்பில் கொடுத்துச் சோதித்தாராம். கொக்கிப்புழு. "குறையுள்ள குடும்பத்தில நீங்கள் எடுக்கவேண்டாம் தம்பி, எழுத்தை நிப்பாட்டுவம்" என்று விம்முகிறார். இந்த நேரம் நீங்கள் போய் வயிற்றைப் புகழ்ந்தால் நக்கலென்றே நினைப்பார். கடிதம் முன்னால் வருகிறது, நான் பின்னால் வருகிறேன். அதுவரை வாயைத் திறக்காதீர்கள். நான் செய்யப்போவது:

1. ஏழாவது தடவையையும் முடித்துக்கொண்டு அடுத்த பஸ் எடுப்பேன். வழியில் புதுக்குடியிருப்பில் எட்டாவது தடவைக்குக் கட்டாயம் இறங்கி ஏறுவேன்.
2. மாமாவைக் கையோடு டொக்டரிடம் கூட்டிப்போய்ப் பூச்சிக் குளிசை வாங்கிக் கொடுப்பேன். அவர் அதை விழுங்கும்போது நானும் பக்கத்திலிருந்து என்னுடையதை விழுங்குவேன்.
3. சீதனம் வேண்டாம் என்ற கொள்கையைக் கைவிடுவேன். எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கக்கூஸ் ஒன்று கட்டித்தரும்படி வாய்விட்டுக் கேட்பேன். ஒன்று எனக்கு, மற்றது மிச்சச் சனத்துக்கு.